ஏழு பர்லாங்: பெண் குதிரைகளின் தனிக்களம்

2007 அக்டோபர் 26 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், மான்மத் பார்க் பந்தயத் திடல் மழையில் ஊறிக் கிடந்தது. தடம் முழுக்கச் சேறு. அந்தச் சேற்றில் ஆறு பர்லாங் ஓடி முதலில் வந்தது மேரிஃபீல்ட் என்ற ஆறு வயதுப் பெண் குதிரை. ப்ரீடர்ஸ் கப் ஃபில்லி அண்ட் மேர் ஸ்பிரிண்ட் என்ற பந்தயம் அன்றைக்குத்தான் முதன்முறையாக நடந்தது. மூன்று வயதும் அதற்கு மேலும் ஆன தரோபிரெட் பெண் குதிரைகள் மட்டுமே ஓடும் குறுந்தொலைவுச் சாம்பியன் பந்தயம் இது. பரிசு பத்து லட்சம் டாலர். 2009இல் உச்சத் தரமான கிரேட் 1 தகுதியும் கிடைத்துவிட்டது.

இப்படி ஒரு தனிப் பந்தயம் வேண்டுமா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. நெடுந்தொலைவு ஓடும் பெண் குதிரைகளுக்கு 1984இலிருந்தே டிஸ்டாஃப் என்ற பந்தயம் இருக்கிறது, புல்தரையில் ஓடுபவற்றுக்கு 1999இல் தனிப் பந்தயம் வந்துவிட்டது, குறுந்தொலைவுக்காரிகளுக்கு மட்டும் ஏன் இல்லை என்று கேட்டது ஒரு கட்சி. குறுந்தொலைவில்தான் பெண் குதிரை ஆண் குதிரைக்கு ஈடுகொடுக்கிறது, அங்கே போய்த் தடுப்புக் கட்டுவானேன் என்றது மறு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரண்டுமே ஓடுதளத்தை மட்டும் பார்த்துப் பேசுகின்றன. பழைய முடிவுகளையும் விருதுப் பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தப் பந்தயத்தைத் தாங்கி நிற்பது குதிரை ஏல மண்டபம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படியிருந்தும் பெண் குதிரைகளுக்கு இதனால் உண்மையான நன்மை விளைந்திருக்கிறது. கூடவே ஒரு கதவும் சாத்தப்பட்டிருக்கிறது.

முதலில் 2007க்கு முந்தைய கதை. பல பந்தயங்கள் அடங்கிய ப்ரீடர்ஸ் கப் நிகழ்ச்சி 1984இல் தொடங்கியது. அதன் ஆறு பர்லாங் ஸ்பிரிண்ட், ஆண் பெண் இரண்டும் சேர்ந்து ஓடும் பந்தயம். 2006 வரை நடந்த 23 ஓட்டங்களில் மூன்றில் பெண் குதிரைகள் ஜெயித்தன: 1987இல் வெரி சட்டில், 1990இல் ஸேஃப்லி கெப்ட், 1995இல் டெஸர்ட் ஸ்டார்மர்.

இவற்றில் 1990 ஓட்டத்தைப் பற்றிப் பேசாத குதிரைப் பந்தய ரசிகர் இருக்க மாட்டார். நியூயார்க்கின் பெல்மாண்ட் பார்க். இங்கிலாந்திலிருந்து கடல் தாண்டி வந்திருந்தது டேஜர். அந்த ஆண்டு ஐரோப்பாவின் பெரிய குறுந்தொலைவுப் பந்தயங்கள் பலவற்றை வாரிக்கொண்ட ஆண் குதிரை. கடைசி நேர்ப்பாதையில் அதுவும் ஸேஃப்லி கெப்ட்டும் மட்டும் தனியே பிரிந்து ஓடின. எல்லைக்கோட்டை நெருங்கும் இடத்தில் வெயில் சாய்ந்து, தடத்தின் குறுக்கே நிழல் விழுந்திருந்தது. டேஜர் அதைத் தடுப்பு என்று எண்ணித் தாவியது. முழு வேகத்தில் ஓடும் குதிரை ஓர் எட்டு தவறினாலே போதும். ஜாக்கி வில்லி கார்சன் அதைத் திரட்டி மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டுவருவதற்குள், கிரெய்க் பெரெட் ஓட்டிய ஸேஃப்லி கெப்ட் ஒரு கழுத்து நீளத்தில் ஜெயித்துவிட்டது.

இன்றைக்கும் அந்த ஓட்டத்தை ‘டேஜர் நிழலைத் தாண்டிய பந்தயம்’ என்றே சொல்கிறார்கள். முதலில் வந்த குதிரையின் பெயர் பிறகுதான் வரும். முந்தைய ஆண்டு அதே பந்தயத்தில் கழுத்து நீளத்தில் தோற்று, மறு ஆண்டு திரும்பி வந்து ஜெயித்த குதிரை அது. வாழ்நாளில் 31 முறை ஓடி 24 முறை முதலில் வந்த குதிரை. இந்த மறதியைத் தற்செயல் என்று விட்டுவிடவும் முடியவில்லை. ஆண்டிறுதியில் தரும் எக்லிப்ஸ் விருதுகளைப் பாருங்கள். அப்போது குறுந்தொலைவுக்கு ஒரே விருதுதான், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. 1987இல் வெரி சட்டில் நான்கு குதிரை நீளத்தில் ஜெயித்தது. இரண்டாவதாக வந்தது க்ரூவி. விருது க்ரூவிக்குப் போனது. 1990இல் ஸேஃப்லி கெப்ட் ஜெயித்தது, விருது ஹவுஸ்பஸ்டருக்கு. 1995இல் டெஸர்ட் ஸ்டார்மர் ஜெயித்தது, விருது நாட் சர்ப்ரைஸிங்குக்கு. மூன்று முறை பெண் குதிரை சாம்பியன் பந்தயத்தை வென்றது. மூன்று முறையும் சாம்பியன் பட்டம் ஆண் குதிரைக்கு. ஆண்டு முழுவதும் ஓடிய ஓட்டங்களைக் கணக்கில் எடுத்துத்தான் விருது தருகிறார்கள், ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனிக் காரணம் சொல்லலாம் என்பது எனக்குத் தெரியும். மூன்றையும் அடுக்கி வைத்துப் பார்க்கும்போது அந்தக் காரணங்கள் மெலிந்துபோகின்றன.

பெண் குதிரைக்கு அந்த விருது ஒருபோதும் கிடைத்ததில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 1976இல் மை ஜூலியட், 1982இல் கோல்ட் பியூட்டி, 1989இல் இதே ஸேஃப்லி கெப்ட் என்று சில பெயர்கள் உண்டு. எக்லிப்ஸ் விருதுகள் வருவதற்கு முன் 1969, 1970 இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்காவின் குறுந்தொலைவுச் சாம்பியனாக இருந்தது டா வீ. புகழ்பெற்ற டாக்டர் ஃபேகரின் தாய்வயிற்றுத் தங்கை. அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்த எடைக்கு மேல் எடை ஏற்றினார்கள். 1970இல் ஃபால் ஹைவெயிட் ஹேண்டிகேப்பில் 140 பவுண்டு சுமந்து ஜெயித்தது. அடுத்து இன்டர்பரோ ஹேண்டிகேப்பில் 142 பவுண்டு, அதாவது 64 கிலோவுக்கும் மேல். அதிலும் ஜெயித்தது. கென்டக்கி டெர்பியில் ஆண் குதிரை சுமப்பது 126 பவுண்டு. பெண் குதிரைக்கு வேகம் போதாது என்று யாராவது சொன்னால், டா வீயின் முதுகில் ஏறிய ஈயத்தை எடுத்துக் காட்டினால் போதும்.

2007இல் தனிப் பந்தயம் வந்த அதே ஆண்டில் பெண் குறுந்தொலைவுக் குதிரைக்கென்று தனி எக்லிப்ஸ் விருதும் வந்தது. அன்றிலிருந்து 2023 வரை நடந்த 17 ஓட்டங்களில் ஜெயித்தவற்றில் மூன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அந்த ஆண்டின் விருது கிடைத்தது. தவறியவை 2008, 2015, 2017. 2008இல் வென்றது வென்ச்சுரா, விருது பெற்றது இரண்டாவதாக வந்த இண்டியன் பிளெஸ்ஸிங். பொதுப் பந்தயத்தில் மூன்றுக்கு மூன்று கைவிட்டுப் போன பட்டம், தனிப் பந்தயத்தில் பதினேழுக்குப் பதினான்கு கைக்கு வந்திருக்கிறது. தனிக்களம் வேண்டும் என்பவர்களின் பலமான சாட்சி இதுதான். ஓடிய ஓட்டத்துக்கு உரிய பெயர் கிடைக்க வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

எதிர்க் கட்சியின் சாட்சியும் இளைத்ததில்லை. 2008இல் ப்ரீடர்ஸ் கப் டர்ஃப் ஸ்பிரிண்ட் என்று புல்தரையில் ஒரு குறுந்தொலைவுப் பந்தயம் தொடங்கியது. அதில் பெண்களுக்கென்று தனி ஓட்டம் இல்லை. ஓட வேண்டுமானால் ஆண் குதிரைகளோடுதான் ஓட வேண்டும். நடந்தது என்ன? 2012இலும் 2013இலும் மிஸ்டிரெக்‌ஷன் ஜெயித்தது. 2019இல் பெல்வாய் பே. 2020இல் இங்கிலாந்திலிருந்து வந்த கிளாஸ் ஸ்லிப்பர்ஸ். 2022இல் கேராவெல், கோல்டன் பால் என்ற ஆண் குதிரைதான் ஜெயிக்கும் என்று எல்லோரும் எழுதி வைத்திருந்த நாளில், யாரும் பெரிதாகப் பணம் கட்டாத இந்தப் பெண் குதிரை முன்னால் போய்விட்டது. 2008 முதல் 2024 வரை 17 ஓட்டங்கள், ஐந்து வெற்றிகள்.

மண் தடத்தில் நடக்கும் பழைய ஸ்பிரிண்டிலோ 2007க்குப் பிறகு ஒரு பெண் குதிரைகூட ஜெயிக்கவில்லை. பெண் குதிரைகளுக்கு இடையில் திடீரென்று வேகம் குறைந்துவிட்டதா? இல்லை. ஜெயிக்கக்கூடியவற்றை உரிமையாளர்கள் அங்கே அனுப்புவதில்லை, அவ்வளவுதான். 2001இல் எக்ஸ்ட்ரா ஹீட் ஆண் குதிரைகளோடு மோதி ஸ்குவர்டில் ஸ்குவர்ட்டுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தது. இன்றைக்கு அப்படி ஒரு குதிரை வந்தால் அதன் பெயர் பெண்கள் பந்தயப் பட்டியலில்தான் இருக்கும். ஆண் குதிரைகளோடு ஓடும்போது மூன்று பவுண்டு எடைச் சலுகையும் உண்டு, பரிசும் அண்மை ஆண்டுகளில் இரண்டு மடங்கு. இருந்தும் போவதில்லை.

ஏன் போவதில்லை என்பதற்கு விடை தேட, கென்டக்கி ஏலத்தின் விற்பனைக் குறிப்பேட்டைத் திறக்க வேண்டும். ஒரு குதிரைக்கு ஒரு பக்கம். மேலே குதிரையின் பெயர், தாய், தந்தை, முன்னோர். கீழே தாய் வழியாக ஒவ்வொரு தலைமுறையும் என்ன சாதித்தது என்று வரிவரியாக இருக்கும். தகுதி பெற்ற பந்தயத்தில் ஜெயித்த குதிரையின் பெயரைத் தடித்த பெரிய எழுத்தில் அச்சிடுவார்கள். இரண்டாவது, மூன்றாவது வந்திருந்தால் தடித்த எழுத்துதான், ஆனால் சிறியது. சாதாரணப் பந்தயத்தில் ஜெயித்தது மெல்லிய எழுத்தில் கரைந்துபோகும். வாங்க வருபவரின் கண் முதலில் போய் நிற்பது அந்தக் கறுப்பு மையில். பெயரோடு கிரேட் 1 வெற்றி என்று சேர்ந்துவிட்டால், அந்தத் தாயின் குட்டிகளுக்கும் அவற்றின் குட்டிகளுக்கும் அந்த வரி கூடவே வரும்.

ஆண் குதிரையின் பொருளாதாரம் வேறு. பெரிய பந்தயங்களை வென்ற ஆண் குதிரை மூன்று நான்கு வயதிலேயே பொலிகுதிரையாகப் பண்ணைக்குப் போய்விடும். ஓர் இனப்பெருக்கப் பருவத்தில் நூறுக்கும் மேற்பட்ட பெண் குதிரைகளோடு சேர்க்கப்படும். பெண் குதிரைக்கோ சினைக்காலமே ஏறக்குறைய பதினொரு மாதம். ஆண்டுக்கு ஒரு குட்டிதான். எனவே அதன் மதிப்பு முழுவதும் அந்த ஒரு பக்கத்தில் எத்தனை தடித்த வரி இருக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது. ஸ்பிரிண்டில் ஆண் குதிரைகளிடம் நான்காவது வந்தால் வீரம் என்பார்கள். குறிப்பேட்டில் ஒன்றும் ஏறாது. தன் இனத்துப் பெண்களோடு ஓடி முதலில் வந்தால் சாம்பியன். கணக்குத் தெரிந்த எந்த உரிமையாளரும் இரண்டாவதைத்தான் எடுப்பார். ப்ரீடர்ஸ் கப் நிகழ்ச்சியைக் கட்டியவர்களே குதிரைப் பண்ணைக்காரர்கள். பொலிகுதிரைகளையும் குட்டிகளையும் பதிவு செய்யக் கட்டும் பணத்திலிருந்துதான் அதன் பரிசு நிதி வளர்ந்தது. அவர்கள் உருவாக்கிய பந்தயம் அவர்கள் கணக்கோடு ஒத்துப்போவதில் வியப்பில்லை.

ஆனால் இதே கணக்கு ஒரு நல்லதையும் செய்திருக்கிறது. குறுந்தொலைவு ஓடும் பெண் குதிரையை நான்கு, ஐந்து வயதிலும் லாயத்தில் வைத்துப் பயிற்சி தருவதற்கு ஒரு காரணம் கிடைத்தது. இதற்கு க்ரூப்பி டாலைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கென்டக்கியின் ஃபிராங்க்ஃபர்ட் நகருக்கு அருகில் பிராட்லி குடும்பத்தின் பண்ணையில் பிறந்த குதிரை அது. தந்தை ஃபிரெட் பிராட்லி, மகன் பஃப் பிராட்லி இருவரும் சேர்ந்து வளர்த்தார்கள், மகனே பயிற்சியாளர். கோடீஸ்வர லாயங்கள் குவியும் இடத்தில் வீட்டில் பிறந்த குதிரையைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். 2012இல் சான்டா அனிட்டா திடலில் இந்தப் பந்தயத்தை ஜெயித்தது. சில வாரம் கழித்து நியூயார்க்கில் சிகார் மைல் பந்தயத்தில் ஆண் குதிரைகளை எதிர்த்து ஓடி, ஸ்டே தர்ஸ்டியிடம் மூக்கு நீளத்தில் தோற்றது. அந்தத் தோல்வியை நான் அதன் வெற்றிகளுக்குச் சமமாக வைப்பேன். 2013இல் ஐந்து வயதில் மறுபடி சான்டா அனிட்டா, மறுபடி வெற்றி, இரண்டாவதாக வந்த ஜூடி தி பியூட்டி அடுத்த ஆண்டு அதே இடத்தில் ஜெயித்தது. வென்ற சில நாளில் கீன்லேண்ட் ஏலத்தில் க்ரூப்பி டால் 31 லட்சம் டாலருக்கு விலைபோனது. வாங்கியவர் உடனே பண்ணைக்கு அனுப்பவில்லை. 2014 தொடக்கத்தில் ஃபுளோரிடாவில் இன்னொரு பந்தயம் ஓடி ஜெயித்த பிறகே ஓய்வு.

பத்து ஆண்டுகள் கழித்து இதே கதை பெரிய தொகையில் திரும்பியது. சாட் பிரௌனின் பயிற்சியில் குட்நைட் ஆலிவ் 2022இல் கீன்லேண்டிலும் 2023இல் சான்டா அனிட்டாவிலும் ஜெயித்தது. இரண்டு முறை வென்ற இரண்டாவது குதிரை. இரண்டாம் வெற்றிக்குப் பின் ஏலத்தில் அதன் விலை 60 லட்சம் டாலர். பரிசுப் பணத்தின் மொத்தமே பத்து லட்சம் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஓட்டத்தின் தொலைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் ஆண்டு மட்டும் ஆறு பர்லாங். அதன் பிறகு எப்போதும் ஏழு, சுமார் 1,400 மீட்டர். ஒரு பர்லாங் கூடியதால் ஓட்டத்தின் குணமே மாறியது என்பேன். தொடக்கக் கதவு திறந்ததும் நீளமான பின்நேர்ப்பாதை. அசல் வேகக்காரி முதல் இரண்டு பர்லாங்கை 22 விநாடி சுற்றளவில் கடந்துவிடும். வளைவு வரை சிரமம் தெரியாது. வளைந்து கடைசி நேர்ப்பாதைக்குள் நுழைந்து ஆறாவது பர்லாங் கம்பத்தைத் தாண்டும்போதுதான் கால் கனக்கும், எட்டு குறுகும், தலை மேலே எழும்பும். மைல் தூரம் ஓடிப் பழகிய குதிரை பின்னாலிருந்து பிடிப்பது அந்த இடத்தில். 2008இல் செயற்கைத் தரையில் வென்ற வென்ச்சுரா அப்படி வந்து பிடித்த குதிரைதான். ஆறு பர்லாங்கோடு மூச்சு தீர்ந்துபோகும் வேகக்காரிகளுக்கு இது அநியாயம் என்போர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேகமும் மூச்சும் இரண்டும் இருந்தால்தான் பட்டம் என்பது கடினமான தேர்வு. அந்தத் தேர்வால்தான் இந்தப் பந்தயம் ஸ்பிரிண்டின் சிறு நகலாகிப் போகாமல் தனக்கென்று ஒரு முகத்தோடு நிற்கிறது.

இரண்டும் ஒரே உடலில் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2020இல் கேமீன் காட்டியது. மூன்று வயதில் கீன்லேண்டில் ஏழு பர்லாங்கை 1 நிமிடம் 20.20 விநாடியில் ஓடித் தட சாதனை படைத்தது. பின்னால் வந்தவை ஆறு குதிரை நீளத்துக்கும் அப்பால். அதே ஆண்டு கென்டக்கி ஓக்ஸில் கிடைத்த மூன்றாம் இடம் மருந்துச் சோதனையால் பறிபோனதையும் கூடவே எழுத வேண்டியிருப்பது வருத்தம். அடுத்த ஆண்டு டெல் மாரில் எதிர்க்க ஆளில்லாத நிலையில் வந்து நின்றது. மொத்தமே ஐந்து குதிரைகள். அதில் கேமீன் மூன்றாவது. ஜெயித்தது ஐந்து வயது சீ சீ.

சாம்பியன் பந்தயத்தில் ஐந்தே குதிரைகள் என்பது எந்த வாதத்தாலும் சமாளிக்க முடியாத குறை. ஒரு பெரிய பெயர் பட்டியலில் இருந்தால் மற்ற உரிமையாளர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கியவை ஸ்பிரிண்டுக்கும் போவதில்லை. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே டெல் மாரில் நடந்ததோ நேர்மாறு. 2017இல் நிறைந்த களம், எல்லோரும் நம்பிய யூனிக் பெல்லா ஏழாவது, ஒன்றுக்கு அறுபத்தாறு என்று கணித்த பார் ஆஃப் கோல்ட் மூக்கு நீளத்தில் முதலாவது. நிறையக் குதிரைகள் ஓடும்போது இந்தப் பந்தயம் எவ்வளவு உயிரோடு இருக்கும் என்பதற்கு அந்த ஓட்டம் ஒன்று போதும்.

மற்ற நாடுகளில் வேறு வழக்கம். ஐரோப்பாவின் உச்சக் குறுந்தொலைவுப் பந்தயங்களில் ஆண் பெண் பிரிவினை இல்லை. 1981இல் மார்வெல், 1983இல் ஹபிப்தி, 1993இலும் 1994இலும் லாக்சாங் என்று பாரிஸின் அபே பந்தயத்தில் பெண் குதிரைகள் ஆண்களைத் தோற்கடித்த வரிசை நீளமானது. ஆஸ்திரேலியாவில் இரண்டும் உண்டு. பெண் குதிரைகளுக்கென்று குரூப் 1 குறுந்தொலைவுப் பந்தயம் அடிலெய்டில் இருக்கிறது. ஆனால் பெரிய பட்டம் பொதுக்களத்தில்தான். பிளாக் கேவியர் ஓடிய 25 பந்தயங்களிலும் ஜெயித்தது, பெரும்பாலும் ஆண் குதிரைகளை எதிர்த்து. 2012இல் ராயல் அஸ்காட்டில் அதைத் தலை நீளத்துக்கு நெருக்கியது மூன்லைட் கிளவுட். அதுவும் பெண் குதிரை. 2024இல் சிட்னியின் எவரெஸ்ட் பந்தயத்தை வென்றது ஏழு வயது பெல்லா நிப்போட்டினா. அங்கே ஆண்களோடு ஓடித் தோற்றால் குதிரையின் மதிப்புச் சரிந்துவிடும் என்ற பயம் உரிமையாளர்களிடம் இந்த அளவுக்கு இல்லை.

அமெரிக்காவிலும் அந்தப் பயத்தைக் குறைக்க வழி உண்டு. பந்தயத்தை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வெரி சட்டிலுக்கும் டெஸர்ட் ஸ்டார்மருக்கும் நேர்ந்தது திரும்பக் கூடாது. ஆனால் முந்தைய ஆண்டு இதை வென்ற குதிரை மறு ஆண்டு பொது ஸ்பிரிண்டில் இறங்கினால் நுழைவுக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யலாம். பெண் குறுந்தொலைவு விருதுக்கு வாக்களிப்பவர்கள், ஆண்களோடு மோதி இரண்டாவது மூன்றாவது வந்த ஓட்டத்துக்கும் உரிய எடை தரலாம். சிகார் மைலில் க்ரூப்பி டால் ஓடியது அப்படிப்பட்ட ஓட்டம். புல்தரைக் குறுந்தொலைவிலும் பெண்களுக்குத் தனிப் பந்தயம் வேண்டும் என்ற பேச்சு எழுந்தால் அதை எதிர்க்க வேண்டும். மிஸ்டிரெக்‌ஷனும் கிளாஸ் ஸ்லிப்பர்ஸும் கேராவெல்லும் ஆண்களைப் பின்னால் விட்டு ஜெயித்த களம் அது. அங்கே பெண் குதிரைகளுக்கு இப்போது இருப்பது குறையில்லாத ஏற்பாடு.